போன் மெசேஜை காப்பி பண்ணி கம்ப்யூட்டரில் சேர்ப்பது எப்படி? (அழிப்பதற்கு முன் படியுங்கள்)

போன மாதம் என் போனில் இடம் நிறைந்துவிட்டது. அப்பா அனுப்பிய மெசேஜ்களை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு மற்றதையெல்லாம் அழித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அப்பா இன்னும் எஸ்எம்எஸ்தான் அனுப்புவார். ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கடிதம் மாதிரி இருக்கும். கடைசியில் "இப்படிக்கு, அப்பா" என்று போடாமல் முடிக்கமாட்டார். 11 மெசேஜ் தேறியது. முதல் மெசேஜை அழுத்திப் பிடித்து காப்பி கொடுத்தேன், உடனே அதை அழித்தேன். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. பதினொன்றும் முடிந்ததும் நோட்ஸைத் திறந்து பேஸ்ட் கொடுத்தால் வந்தது ஒரே ஒரு மெசேஜ், கடைசியாக எடுத்தது மட்டும். மற்ற பத்தும் போனது போனதுதான். அப்பா போனிலும் தேடிப் பார்த்தோம். அனுப்பியதை அன்றன்றே அழித்துவிடுவது அவர் வழக்கம்.

அதனால்தான் இந்தப் பதிவு. வேறு யாருக்கும் இப்படி ஆகக்கூடாது.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது: கிளிப்போர்டு

காப்பி கொடுத்ததும் எழுத்து எங்கே போகிறது? கிளிப்போர்டு என்ற தற்காலிக இடத்துக்கு. அந்த இடம் ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளும். அடுத்ததை காப்பி பண்ணிய கணமே முந்தையது காலி. ஐபோன், ஆண்ட்ராய்டு, விண்டோஸ், மேக் எதை எடுத்தாலும் அடிப்படை இதுதான். காப்பி செய்ததும் "சேமித்தாகிவிட்டது" என்று நினைத்துவிடாதீர்கள். பேஸ்ட் செய்து, கண்ணால் பார்த்த பிறகுதான் அது சேமிப்பு.

ஒன்றுக்கு மேல் வைத்துக்கொள்ள வழி உண்டு. ஆனால் அதை நாம்தான் முன்கூட்டியே இயக்கி வைக்க வேண்டும்.

ஆண்ட்ராய்டில் ஜிபோர்டு (கூகுளின் கீபோர்டு) இருந்தால், அதன் மேல் வரிசையில் அட்டை மாதிரி ஒரு கிளிப்போர்டு ஐகான் இருக்கும். அதைத் தொட்டு ஆன் செய்யுங்கள். அதன்பின் காப்பி செய்பவை வரிசையாகச் சேரும். ஆனால் ஒரு மணி நேரத்தில் அவை தானாக அழிந்துவிடும். வேண்டியதை அழுத்திப் பிடித்து, வரும் மெனுவில் "பின்" (Pin, குத்தி வைப்பது) கொடுத்தால் மட்டுமே தங்கும்.

விண்டோஸில், விண்டோஸ் பட்டனோடு வி-யை அழுத்துங்கள். முதல் தடவை ஆன் செய்யட்டுமா என்று கேட்கும். இது 2018-ல் விண்டோஸ் 10-க்கு வந்த வசதி. கடைசி 25 காப்பிகள் வரை வைத்திருக்கும். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தால் "பின்" கொடுத்து வைத்தவை தவிர மற்றதெல்லாம் போய்விடும். மேக்கில் இதற்கு வெகுகாலம் வேறு ஆப்தான் போட வேண்டியிருந்தது. 2025-ல் வந்த டாஹோ என்ற மேக் பதிப்பில், ஸ்பாட்லைட் என்ற தேடும் வசதிக்குள்ளேயே வந்துவிட்டது. என்னைக் கேட்டால் இந்த மூன்றில் விண்டோஸ் செய்திருப்பதுதான் சிறப்பு. இரண்டு பட்டன், பட்டியல் கண்முன் வந்து நிற்கிறது.

போனில் காப்பி செய்வது

மெசேஜ் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள். ஆண்ட்ராய்டில் மேலே காப்பி ஐகான் வரும், அல்லது ஒரு மெனு திறக்கும். ஐபோனில் மெசேஜுக்குக் கீழே மெனு வரும். போனைத் தமிழில் வைத்திருந்தால் "நகலெடு", "ஒட்டு" என்று இருக்கும். ஒட்ட வேண்டிய இடத்தில் மறுபடி அழுத்திப் பிடித்தால் பேஸ்ட் வரும். இவ்வளவுதான்.

மெசேஜில் ஒரு பகுதி மட்டும் வேண்டுமென்றால்

இதில்தான் நான் அதிக நேரம் திணறினேன். நீளமான மெசேஜில் முகவரி மட்டும் வேண்டும், அல்லது ஒரு எண் மட்டும் வேண்டும். அழுத்திப் பிடித்தால் முழு மெசேஜும்தான் காப்பி ஆகிறது. காரணம், மெசேஜ் ஆப் அந்தக் கட்டத்தை ஒரே பொருளாகப் பார்க்கிறது. உள்ளே இருக்கும் சொற்களைத் தனித்தனியாகத் தொட விடுவதில்லை. ஐபோனில் 2025-ல் வந்த ஐஓஎஸ் 26 (ஐபோனின் இயங்குதளப் பதிப்பு) முதல் மெசேஜுக்குள் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுக்க முடிகிறது. சில ஆண்ட்ராய்டு போன்களின் மெனுவிலும் அப்படி ஒன்று இருக்கும். இல்லாதவர்கள் இப்படிச் செய்யுங்கள்.

முழு மெசேஜையும் காப்பி செய்யுங்கள். நோட்ஸில் புதுப் பக்கம் திறந்து ஒட்டுங்கள். வேண்டிய பகுதியின் முதல் சொல்லை அழுத்திப் பிடியுங்கள். அந்தச் சொல் மட்டும் நிறம் மாறி, இரு பக்கமும் இரண்டு கைப்பிடிகள் வரும். வலது கைப்பிடியை வேண்டிய இடம் வரை இழுத்துவிட்டு, மறுபடி காப்பி கொடுங்கள்.

பதில் எழுதும் கட்டத்திலேயே ஒட்டி இதைச் செய்யலாமே என்று தோன்றும். வேண்டாம். கை தவறி அனுப்பும் பட்டனில் பட்டால், அவர் அனுப்பியது அவருக்கே திரும்பிப் போகும்.

இழுக்கும்போது விரல் எழுத்தை மறைக்கிறது, ஒரு எழுத்து முன்னே பின்னே போகிறது என்பதுதான் பலருக்கும் சிக்கல். தமிழில் கர்சரைச் சரியான இடத்தில் நிறுத்துவது இன்னும் கஷ்டம். கைப்பிடியோடு மல்லுக்கட்டாதீர்கள். ஐபோனில் ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்தால் கீபோர்டு முழுவதும் டச்பேடு போல ஆகிவிடும். விரலை நகர்த்தினால் கர்சர் நகரும். ஜிபோர்டில் ஸ்பேஸ் பார் மேல் விரலை இடமும் வலமும் தேய்த்தால் போதும். இப்படி கர்சரை நிறுத்தி, தேவையில்லாத முன்பகுதியையும் பின்பகுதியையும் அழித்துவிட்டு, மிச்சத்தை "அனைத்தையும் தேர்ந்தெடு" கொடுத்து காப்பி செய்வதுதான் எனக்குச் சுலபமாக இருக்கிறது. ஒட்டியிருப்பது நகல்தானே, தாராளமாக அழிக்கலாம்.

வாட்ஸ்அப்பில் பல மெசேஜ்களைச் சேர்த்து எடுப்பது

ஒன்றை அழுத்திப் பிடித்துவிட்டு மற்றவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டால் எல்லாம் செலக்ட் ஆகும். பிறகு காப்பி. ஆனால் ஒட்டிப் பார்த்தால் ஒவ்வொரு மெசேஜுக்கு முன்னாலும் தேதி, நேரம், அனுப்பியவர் பெயர் ஒட்டிக்கொண்டு வரும். ஒரே மெசேஜை எடுத்தால் இது வராது. பலருக்கு இது தொந்தரவு. நினைவுக்காக எடுத்து வைப்பதென்றால் தேதியை நீக்காதீர்கள் என்பேன். அப்பாவின் மெசேஜில் எனக்கு மிஞ்சியது ஒன்று. அது எந்த நாளில் வந்தது என்பது இன்று எனக்குத் தெரியாது.

கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோவது

போனில் காப்பி செய்து மெயிலில் ஒட்டி உங்களுக்கே அனுப்பிக்கொள்வது ஒரு வழி. ஒன்றிரண்டு மெசேஜுக்கு அது போதும். நிறைய இருந்தால், மெசேஜ்களையே கம்ப்யூட்டர் திரையில் திறந்துகொள்ளுங்கள்.

ஆண்ட்ராய்டில் கூகுள் மெசேஜஸ் ஆப் இருந்தால், கம்ப்யூட்டரின் பிரௌசரில் அதன் வெப் பக்கத்தைத் திறந்து, போன் ஆப்பில் சாதனத்தை இணைக்கும் மெனுவுக்குப் போய், திரையில் தெரியும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள். எல்லா எஸ்எம்எஸ்ஸும் பெரிய திரையில் வந்துவிடும். வாட்ஸ்அப் வெப்பும் இதே மாதிரிதான். இங்கே மவுஸால் இழுத்து வேண்டிய பகுதியை மட்டும் எடுக்கலாம். மேலே பாடுபட்ட வேலை எதுவும் இங்கே கிடையாது.

ஐபோனும் மேக்கும் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் எளிது. போனில் காப்பி, மேக்கில் பேஸ்ட், நடுவில் எதுவும் வேண்டாம். இரண்டிலும் ஒரே ஆப்பிள் கணக்கு இருக்க வேண்டும். வைஃபை, புளூடூத், ஹேண்ட்ஆஃப் (ஆப்பிள் சாதனங்களை ஒன்றோடொன்று இணைக்கும் அமைப்பு) மூன்றும் ஆன் ஆகியிருக்க வேண்டும். இரண்டும் பக்கத்தில் இருக்க வேண்டும். வேலை செய்யவில்லை என்றால் முதலில் புளூடூத்தைப் பாருங்கள்.

கம்ப்யூட்டரில் கண்ட்ரோல்+சி காப்பி, கண்ட்ரோல்+வி பேஸ்ட். மேக்கில் கண்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட். சி-க்கு இடப்பக்கம் இருக்கும் எக்ஸ் "வெட்டு". அது ஆவணத்திலிருந்து எழுத்தை எடுத்தே விடும். தவறி அழுத்திவிட்டால் உடனே கண்ட்ரோல்+இசட்.

நீளமான பகுதியை மவுஸால் இழுக்கும்போது பக்கம் வேகமாக ஓடிவிடுகிறதா? ஆரம்பத்தில் ஒரு கிளிக் செய்துவிட்டு, கீழே உருட்டிப் போய், முடிவில் ஷிஃப்டை அழுத்தியபடி இன்னொரு கிளிக் செய்யுங்கள். இடையில் உள்ளது முழுவதும் செலக்ட் ஆகும்.

ஒட்டியதும் எழுத்தின் அளவும் நிறமும் மாறி வந்தால், கண்ட்ரோல்+ஷிஃப்ட்+வி பயன்படுத்துங்கள். அலங்காரமெல்லாம் உதிர்ந்து வெறும் எழுத்து மட்டும் வரும். மேக்கில் பல ஆப்களில் ஆப்ஷன்+ஷிஃப்ட்+கமாண்ட்+வி. நான் எப்போதும் இதைத்தான் பயன்படுத்துகிறேன்.

இந்த வெட்டு, காப்பி, பேஸ்ட் எல்லாம் 1970-களில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் உருவாக்கியவை. ஐபோன் 2007-ல் வந்தபோது அதில் காப்பி, பேஸ்டே கிடையாது, 2009-ல்தான் சேர்த்தார்கள்.

எஸ்எம்எஸ்ஸில் ஒட்டும்போது

ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து. தமிழில் 70 தான். அந்த 70-ம் நாம் எண்ணுகிற மாதிரி இல்லை. "வணக்கம்" நம் கணக்கில் ஐந்து எழுத்து. போன் புள்ளிகளையும் தனியாக எண்ணுவதால் அதற்கு ஏழு. 70-ஐத் தாண்டினால் துண்டுகளாகப் பிரியும், ஒவ்வொரு துண்டிலும் 67. ஆங்கில மெசேஜில் ஒரே ஒரு எமோஜியை ஒட்டினாலும் மொத்த மெசேஜும் 70 கணக்குக்கு மாறிவிடும்.

எந்த மொழியானாலும் ஒரு எஸ்எம்எஸ் 140 பைட்தான். ஆயிரம் எஸ்எம்எஸ் சேர்ந்தாலும் ஒரு சாதாரண போட்டோ அளவுக்கு வராது. இடத்தை அடைப்பது படமும் வீடியோவும்தான். இது முன்பே தெரிந்திருந்தால் அப்பாவின் மெசேஜ்களை நான் தொட்டிருக்கவே மாட்டேன்.

ஒட்டும் முன் கவனம்

பாஸ்வேர்டு, ஓடிபி போன்றவற்றை காப்பி செய்தால், வேலை முடிந்ததும் கிளிப்போர்டு பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். ஓர் ஆப் கிளிப்போர்டைப் படித்தால் ஆண்ட்ராய்டு 12 முதல் கீழே அறிவிப்பு வரும்; ஐபோனில் ஐஓஎஸ் 16 முதல் ஒட்டட்டுமா என்று அனுமதி கேட்கும். நீங்கள் ஒட்டாதபோது அப்படிக் கேட்டால் மறுத்துவிடுங்கள். "இதை காப்பி செய்து, விண்டோஸ்+ஆர் அழுத்தி ஒட்டுங்கள்" என்று யாராவது சொன்னால் செய்யவே கூடாது. கம்ப்யூட்டருக்குள் நுழைய மோசடிக்காரர்கள் கையாளும் வழி அது.

பின்னர் சேர்த்தது

அழித்ததைத் திரும்ப எடுக்க முடியாதா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஐபோனில் ஐஓஎஸ் 16 முதல் "சமீபத்தில் அழித்தவை" என்ற பகுதி உண்டு. 30 நாள் வரை அங்கே இருக்கும். சில ஆண்ட்ராய்டு மெசேஜ் ஆப்களிலும் குப்பைத்தொட்டி உண்டு. என் போனில் இல்லை. அழிப்பதற்கு முன் உங்கள் ஆப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று

பழைய கோப்பிலிருந்து தமிழை காப்பி செய்து மெசேஜில் ஒட்டினால் ஏதோ ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக வருகிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். பேஸ்டில் கோளாறு இல்லை. அந்தக் கோப்பு பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததாக இருக்கும். அவற்றில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தின் குறியீடு. எழுத்துருதான் அதைத் தமிழ் வடிவில் காட்டும். காப்பி செய்யும்போது எழுத்துரு கூடவே வருவதில்லை. பாமினியிலிருந்து யூனிகோடுக்கு (இன்றைய போன்களும் கம்ப்யூட்டர்களும் பயன்படுத்தும் பொதுவான எழுத்துக் குறியீடு) மாற்றும் பக்கங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அங்கே ஒட்டி, மாற்றி, மாறியதை காப்பி செய்து மெசேஜில் ஒட்டினால் சரியாக வரும். மாற்றியதும் ஒருமுறை முழுக்கப் படித்துப் பாருங்கள். அசல் கோப்பை அதுவரை மூட வேண்டாம்.