க்ரைம் நாவலில் புது எழுத்தாளர்களைத் தேடிப் பிடிப்பது எப்படி?

ஆங்கிலத்தில் க்ரைம் படிப்பவர்களுக்கான குறிப்பு இது. 'அதிகம் விற்பவை' பட்டியலை நம்பினால் பழைய பெயர்களே திரும்பத் திரும்ப வரும். முதல் நாவலுக்கென்றே தரப்படும் பரிசுகளிலிருந்து தொடங்குங்கள்.

படி 1: இறுதிப்பட்டியலை எடுங்கள். பிரிட்டனின் க்ரைம் எழுத்தாளர் சங்கம் 1973 முதல் ஜான் க்ரீஸி டேகர் தருகிறது. அமெரிக்காவில் எட்கர் விருதின் முதல் நாவல் பிரிவு இருக்கிறது, ஆனால் அது அமெரிக்க எழுத்தாளர்களுக்கு மட்டும். அதன் பரிந்துரைகள் ஜனவரியில், எழுத்தாளர் எட்கர் ஆலன் போ பிறந்த 19ஆம் தேதியை ஒட்டி வரும். ஆஸ்திரேலியாவுக்கு நெட் கெல்லி விருது, நியூசிலாந்துக்கு நயோ மார்ஷ் விருது. வென்றவரை மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள். தோற்றவர்களின் புத்தகங்களில்தான் துணிச்சல் அதிகம்.

'டெபியூ டேகர்' என்று தேடிக் கிடைத்த பெயர்களுக்குக் கடையில் புத்தகமே இல்லையா? அது இன்னும் அச்சேறாத நாவலின் தொடக்கப் பகுதிக்குத் தந்த பரிசு. உங்களுக்கு வேண்டியது க்ரீஸி.

படி 2: உண்மையிலேயே புதியவர்தானா? பலர் சறுக்குவது இங்கேதான். 2013இல் 'ராபர்ட் கல்பிரெய்த்' முதல் நாவலோடு வந்தார். சில மாதங்களில் அவர் ஜே.கே. ரௌலிங் என்று தெரிந்தது. மொழிபெயர்ப்பில் குழப்பம் இன்னும் அதிகம். யூ நெஸ்போவின் ஹாரி ஹோலே வரிசையில் முதல் நாவல் நார்வேயில் 1997இலேயே வந்துவிட்டது. ஆங்கிலத்துக்கு வந்ததோ 2012இல், பின்னால் எழுதியவை பல வந்த பிறகு. அதனால் அட்டையை விட்டுவிட்டு பதிப்புரிமைப் பக்கத்தைப் பாருங்கள். மூலத் தலைப்பும் மூல ஆண்டும் பெரும்பாலும் அங்கே இருக்கும். பிறகு ஃபென்டாஸ்டிக் ஃபிக்‌ஷன் தளத்தில் பெயரைப் போட்டால் நூல்கள் வரிசையாக வரும், புனைபெயர்களும் தெரியும். இந்த வேலைக்கு, வாசகர்கள் மதிப்பெண் போடும் குட்ரீட்ஸ் தளத்தைவிட அதுவே மேல். குட்ரீட்ஸில் வெளியீட்டுக்கு முன்பே தெரியும் நட்சத்திரங்கள் பெரும்பாலும் இலவச முன்பிரதி வாங்கியவர்கள் போட்டவை. அவற்றை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

படி 3: கிண்டிலில் கிடைக்கும் மாதிரிப் பக்கங்களைப் படியுங்கள். கொலையாளியின் மனக்குரலில் சாய்வெழுத்து முன்னுரை இருந்தால் தாண்டிவிட்டு முதல் அத்தியாயத்துக்குப் போங்கள். முதல் விசாரணைக் காட்சியைக் கவனியுங்கள். சாட்சி சொல்வது அடுத்த காட்சியில் எதையாவது மாற்றுகிறதா? மாற்றவில்லை என்றால் அடுத்த பெயருக்குப் போகலாம்.

படி 4: நன்றியுரை. இதை யாரும் படிப்பதில்லை, ஆனால் தங்கச் சுரங்கம் இதுதான். முதல் நாவல் எழுதியவர் ஏஜென்ட்டுக்கும் (எழுத்தாளர் சார்பில் பதிப்பகத்தோடு பேசுபவர்) எடிட்டருக்கும் பெயர் சொல்லி நன்றி சொல்லாமல் இருப்பது அபூர்வம். ஏஜென்ட்டின் நிறுவனத் தளத்துக்குப் போய், அவர் கவனிக்கும் எழுத்தாளர்களில் ஒரே ஒரு புத்தகம் போட்டவர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ரசனை ஒத்துப்போகும் ஓர் ஏஜென்ட் கிடைத்தால் அடுத்தடுத்த ஆண்டுகளுக்கும் பெயர்கள் கிடைத்துக்கொண்டே இருக்கும். நன்றியுரை பெரும்பாலும் கடைசியில் இருப்பதால் மாதிரியில் வராது. கடையிலோ நூலகத்திலோ அச்சுப் பிரதியைப் பின்பக்கமிருந்து புரட்டுங்கள்.

பின்சேர்க்கை: சிங்கப்பூர் வாசகர்கள் தேசிய நூலக உறுப்பினர் கணக்கோடு, மின்னூல் இரவல் தரும் லிபி (Libby) செயலியில் நுழையலாம். அங்கே இல்லாத நூலுக்கு 'நோட்டிஃபை மீ' போட்டு வைத்தால், நூலகம் வாங்கியதும் தகவல் வரும்.