ஹில்டி 'நீங்கள்' என்று சொல்லமாட்டாள்

போன மாதம் ஒரு கல்லூரிப் பிள்ளைகள் கூப்பிட்டார்கள். திரைப்பட மன்றத்தில் 'ஹிஸ் கேர்ல் ஃப்ரைடே' போடுகிறோம், தமிழ் சப்டைட்டில் நாங்களே எழுதியது, வந்து பாருங்கள் என்றார்கள். போனேன். எண்பது பேர் இருந்த அறையில் முதல் அரை மணி நேரத்தில் நான்கு முறைதான் சிரிப்புக் கேட்டது. அதில் ஒன்று, யாரோ நாற்காலியோடு சாய்ந்து விழுந்ததற்கு. படம் முடிந்ததும் சப்டைட்டில் எழுதிய பையன் வந்து, "பழைய படம்ல சார், இப்ப எடுபடாது போல" என்றான்.

எடுபடும். 1940இல் வந்த அந்தப் படத்துக்கு எங்கள் திரையிடல் குழுவின் மொட்டைமாடியில் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அதைக் கொன்றது சப்டைட்டில். அடையாளம் காண எனக்குச் சிரமமே இல்லை. பதினோரு வருடத்துக்கு முன்னால் இதே படத்தை இதே ஆயுதத்தால் நானும் கொன்றிருக்கிறேன்.

எழுத்துப்பிழை, ஒற்று விடுவது, வெள்ளைச் சட்டைமேல் வெள்ளை எழுத்துப் போடுவது பற்றியெல்லாம் சொல்லப்போவதில்லை. அதையெல்லாம் முதல் காட்சியில் பார்வையாளர்களே கத்திச் சொல்லிவிடுவார்கள். இந்த மாதிரிப் பழைய ஹாலிவுட் ஸ்க்ரூபால் காமெடிகளைத் தமிழ் சப்டைட்டிலோடு திரையிடும்போது நாம் செய்யும் மற்றத் தவறுகளைத்தான் ஒவ்வொன்றாகச் சொல்லப்போகிறேன்.

பெயரை மொழிபெயர்ப்பது

கல்லூரிச் சுவரொட்டியில் ஸ்க்ரூபால் காமெடியைக் 'கிறுக்குக் காமெடி' என்று போட்டிருந்தார்கள். ஸ்க்ரூபால் என்ற சொல்லுக்குக் கிறுக்கு என்ற பொருளும் உண்டுதான். ஆனால் அது பேஸ்பாலில் ஒரு பந்துவீச்சு. வழக்கமாக வளையும் பந்துக்கு நேர் எதிர்ப்பக்கம் வளையும். 1930களில் கார்ல் ஹப்பல் என்ற வீரர் அதை வைத்தே பேர் வாங்கினார். நம் ஆட்களுக்குச் சொல்வதென்றால் கிரிக்கெட்டில் தூஸ்ரா மாதிரி. இந்தப் படங்களும் அப்படித்தான். ஆண் துரத்துவான் என்று நினைத்தால் பெண் துரத்துவாள். பணக்காரன் புத்திசாலி என்று நினைத்தால் வேலைக்காரன் புத்திசாலியாக இருப்பான். ஸ்க்ரூபால் என்றே விட்டுவிடுங்கள்.

சாப்ளினோடு சேர்ப்பது

அது வேறு. இங்கேயும் விழுவார்கள், ஆனால் விழும்போதும் பேச்சை நிறுத்தமாட்டார்கள்.

முதல் படமாக 'பிரிங்கிங் அப் பேபி'

சிறுத்தை இருக்கிறது, கேரி கிராண்ட் இருக்கிறார், கேத்தரின் ஹெப்பர்ன் இருக்கிறார். புதிதாகத் திரையிடுகிறவர்கள் நேராக அதில்தான் கை வைப்பார்கள். எனக்கும் அது பிடித்த படம். ஆனால் 1938இல் வந்தபோது அது சரியாக ஓடவில்லை. இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸே பின்னாளில், படத்தில் எல்லோரும் கிறுக்கர்களாக இருந்துவிட்டார்கள், சாதாரண மனிதர் ஒருவர்கூட இல்லை, அதுதான் பிசகு என்கிற மாதிரிச் சொல்லியிருக்கிறார். பழக்கமில்லாதவர்களுக்குக் கால் ஊன்ற ஒரு இடம் வேண்டும்.

ஃபிராங்க் காப்ராவின் 'இட் ஹாப்பண்ட் ஒன் நைட்'டில் (1934) அது இருக்கிறது. வீட்டை விட்டு ஓடிவந்த பணக்காரப் பெண், வேலை போன நிருபர், மியாமியிலிருந்து நியூயார்க் போகும் ராத்திரி பஸ். மழை, பசி, கையில் காசில்லை. இது யாருக்குப் புரியாது? சிலர் "கதை தெரிஞ்சதா இருக்கே" என்பார்கள். இருக்கும். ராஜ் கபூரும் நர்கிசும் நடித்த 'சோரி சோரி' (1956), ஆமிர் கானின் 'தில் ஹை கி மான்தா நஹீன்' (1991) இரண்டும் அங்கிருந்து வந்தவைதான். தெரிந்த கதை இங்கே நமக்கு லாபம். கதையை விட்டுவிட்டுப் பேச்சைக் கவனிப்பார்கள்.

கையில் கிடைத்த பிரதி

'ஹிஸ் கேர்ல் ஃப்ரைடே', 'மை மேன் காட்ஃப்ரி' (1936), 'நத்திங் சேக்ரட்' (1937) மூன்றுக்கும் அமெரிக்காவில் காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். அதனால் யார் வேண்டுமானாலும் பிரதி எடுக்கலாம், எடுத்தார்கள், பிரதிக்குப் பிரதி எடுத்தார்கள். இணையத்தில் முதலில் கண்ணில் படுவது அநேகமாக அந்தப் பேரப்பிள்ளைப் பிரதியாகத்தான் இருக்கும். படம் மங்கலாக இருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒலி கரகரத்தால் போச்சு. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசும் படத்தில் குரல்கள் பிரிந்து கேட்காவிட்டால் மீன் மார்க்கெட்தான். சீரமைத்த பிரதிகள் வந்திருக்கின்றன. காசு கொடுத்து வாங்குங்கள்.

இன்னொன்று. சில பிரதிகள் நொடிக்கு 24 ஃபிரேமில் ஓடும், ஐரோப்பியத் தொலைக்காட்சி வழியாக வந்தவை 25இல் ஓடும். 92 நிமிடப் படம் 88 நிமிடத்தில் முடிந்துவிடும். ஒன்றுக்கு எழுதிய சப்டைட்டிலை மற்றதில் போட்டால், முதல் காட்சியில் சரியாக இருப்பது கடைசிக் காட்சிக்குள் மூன்றரை நிமிடத்துக்கு மேல் தள்ளிப்போய்விடும். திரையிடும் அதே பிரதியில் கடைசிப் பத்து நிமிடத்தை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். முதல் பத்து நிமிடம் ஒன்றும் காட்டிக்கொடுக்காது.

'நீங்கள்'

மற்றதையெல்லாம் மன்னித்துவிடலாம். இதை என்னால் முடியவில்லை, நான் செய்ததையும் சேர்த்து.

ஆங்கிலத்தில் 'யூ' ஒன்றுதான். தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே நீயா நீங்களா என்று முடிவு செய்தாக வேண்டும். நாம் யோசிக்காவிட்டால் கை தானாக முடிவு செய்துவிடும். ஆண் பெண்ணை 'நீ' என்பான், பெண் ஆணை 'நீங்கள்' என்பாள். பார்த்து வளர்ந்த சினிமா முழுக்கப் புருஷன் பெண்டாட்டி அப்படித்தானே பேசிக்கொண்டார்கள். நானும் அப்படியே எழுதினேன்.

இப்போது 'ஹிஸ் கேர்ல் ஃப்ரைடே'வுக்கு வாருங்கள். வால்டர் பத்திரிகை ஆசிரியர், கேரி கிராண்ட். ஹில்டி அவனுடைய முன்னாள் நிருபர், முன்னாள் மனைவியும். ரோசலிண்ட் ரஸ்ஸல். எனக்கு வேறொருவரோடு கல்யாணம், உன் வேலையும் வேண்டாம், நீயும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போக அலுவலகத்துக்கு வருகிறாள். பேச்சு முற்றுகிறது. கைப்பையைத் தூக்கி அவன் தலையைப் பார்த்து வீசுகிறாள். அவன் குனிந்து தப்பித்துவிட்டு, உன் குறி முன்பு மாதிரி இல்லையே என்கிறான். இந்தச் சண்டைக்குக் கீழே என் சப்டைட்டில்: 'நீங்கள் என்னதான் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?'

மொட்டைமாடியில் முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா திரும்பி என்னிடமே கேட்டார்: "ஏம்ப்பா, அந்தப் பொண்ணு பையத் தூக்கி அடிக்குது, கீழ மட்டும் வாங்க போங்கங்குது. ரெண்டு பேரா அவ?"

ரெண்டு பேராகத்தான் ஆக்கிவைத்திருந்தேன். திரையில் இருப்பவள் வால்டருக்குச் சமமாக, சில இடத்தில் ஒரு பிடி மேலாக நின்று அடிக்கிறாள். எழுத்தில் இருப்பவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். இந்தப் படங்கள் எண்பது தொண்ணூறு வருடம் கழித்தும் ஏன் வாடாமல் இருக்கின்றன என்று கேட்டால், அந்தச் சமச் சண்டையைத்தான் சொல்வேன். காதல் காட்சி என்று தனியாக ஒன்று இல்லை. வாய்ச்சண்டைதான் காதல் காட்சி. அதில் ஒரு ஆளை நாம் முதல் வரியிலேயே மண்டியிட வைத்துவிட்டால் மிச்சம் 90 நிமிடம் எதற்கு?

அப்புறம்தான் இந்தப் படத்தின் பூர்வீகத்தைப் படித்தேன். மூலம், பென் ஹெக்ட்டும் சார்லஸ் மக்ஆர்தரும் எழுதி 1928இல் மேடையேறிய 'தி ஃப்ரண்ட் பேஜ்' நாடகம். அதில் ஹில்டி ஆண். ஆசிரியனும் நிருபனும், இரண்டு ஆம்பளைகள். இந்தப் படத்தையும் இயக்கிய ஹாக்ஸ் ஒருநாள் அந்த வரிகளை ஒரு பெண்ணை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டாராம், இதுதான் நன்றாக இருக்கிறது என்று ஹில்டியைப் பெண்ணாக மாற்றிவிட்டார். ஆக அந்தச் சண்டையின் அச்சு, தோளில் கைபோட்டுத் திட்டிக்கொள்ளும் இரண்டு கூட்டாளிகளுக்குச் செய்தது. 'டா' போட்டாலே தகும். நான் அங்கே 'ங்க' போட்டிருந்தேன்.

திருத்த உட்கார்ந்தபோதுதான் செலவு தெரிந்தது. 'நீங்கள்' என்பதை 'நீ' என்று மாற்று எனக் கணினிக்கு ஒரு கட்டளை கொடுத்தால் தீர்ந்தது என்று நினைத்தேன். வினைச்சொல் என்ன செய்யும்? 'நீ போகிறீர்கள்' என்று நின்றது. உங்களை, உங்களுக்கு, உட்காருங்கள், சொன்னீர்களே, எல்லாம் தனித்தனி. போதாததற்கு, நீதிமன்றச் செய்தி அறையில் சீட்டாடும் நிருபர் கூட்டத்தைப் பார்த்து ஹில்டி பேசும் இடத்தில் நிஜமாகவே பன்மை வேண்டும். அங்கேயும் 'நீ' வந்து, ஏழெட்டு ஆண்கள் ஒரே ஆளாகிவிட்டார்கள். மூன்று சனி ஞாயிறு போயிற்று.

இதில் இன்னொரு தண்டனை, நீளம். 'நீங்கள் எங்கே போகிறீர்கள்?' என்பதைப் படிப்பதற்குள் அவள் அடுத்த இரண்டு வரி பேசி முடித்திருப்பாள். 'எங்க போற?' கண்ணில் பட்டதும் முடிந்தது. மரியாதை விகுதி ஒவ்வொன்றும் கண்ணைத் திரையின் கீழேயே பிடித்துவைக்கிறது. மேலே ரஸ்ஸலின் முகம் வீணாகிறது. சப்டைட்டில் மென்பொருள் இதற்கு உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் பயன்படுத்துவது 'கொ' என்பதை இரண்டு எழுத்தாக எண்ணும், புள்ளியையும் கொம்பையும் தனியாக எண்ணும். பாதி வரிகள் சிவப்பாக எரியும். அதை நம்பாதீர்கள், வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

சரி, எல்லோருக்கும் 'நீ' போட்டுவிடலாமா? அதுவும் கூடாது. ஹில்டி கட்டிக்கொள்ளப் போகும் புரூஸ் பால்ட்வின், ஆல்பனியில் இருக்கும் இன்சூரன்ஸ்காரன். நல்லவன், குடை எடுத்து வருகிறவன். இரண்டாவது முறை எழுதியபோது அவனிடம் ஹில்டியை 'நீங்க' என்றே பேசவிட்டேன். அவனும் அவளை 'நீங்க' என்பான். வால்டரிடம் திரும்பினால் 'நீ'. பத்தே நிமிடத்தில் பார்வையாளர்களுக்கு யார் ஜெயிப்பார் என்று தெரிந்துவிட்டது. ஆங்கிலத்தில் இல்லாத ஒரு கூடுதல் ஆயுதம் இது, தமிழ் இனாமாகக் கொடுத்தது.

'மை மேன் காட்ஃப்ரி'யில் கணக்குத் தலைகீழ். காட்ஃப்ரி பட்லர், ஐரீன் எஜமான் வீட்டுப் பெண். அவள் 'நீ' என்பாள், அவன் விடாப்பிடியாக 'நீங்கள்' என்பான். அந்த 'நீங்கள்' அவன் கட்டிக்கொண்ட வேலி. கடைசியில் அவள் கல்யாணம் செய்துவைக்க மேயரை நிறுத்தி, "அசையாம நில்லு காட்ஃப்ரி, ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடும்" என்று சொல்லும் வரைக்கும் வேலி நிற்க வேண்டும். 'தி லேடி ஈவ்'வில் (1941) பார்பரா ஸ்டான்விக் முதலில் கப்பலில் ஏமாற்றுக்காரி, பிறகு இங்கிலாந்துச் சீமாட்டியாக வேடம் போட்டு வருகிறாள். அதே முகம், அதே ஆள். மரியாதையை மட்டும் மாற்றினால் போதும், ஹென்றி ஃபோண்டா ஏமாறுவது நமக்கும் நியாயமாகத் தெரியும்.

அதனால் முதல் வரி எழுதுவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து, யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள், எந்தக் காட்சியில் மாறுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கல்லூரிப் பையனிடமும் இதைச் சொன்னேன். "மரியாதைக் குறைவா இருக்காதா சார்?" என்றான். "அவ யார்கிட்ட மரியாதையில்லாம பேசுறாளோ அவனைத்தாம்ப்பா கட்டிக்கப் போறா" என்றேன்.

முந்திரிக்கொட்டை

நகைச்சுவை வரியை நடிகர் சொல்லி முடிப்பதற்கு முன்பே கீழே எழுதிக் காட்டுவது. கூட்டம் முன்கூட்டியே சிரிக்கும், அந்தச் சிரிப்பில் அடுத்த வரி மூழ்கும். நீளமான வரியை இரண்டாக உடைத்து, வெடிக்கும் பாதியை அவர் வாய் திறக்கும்போது மட்டும் போடுங்கள்.

இதன் அண்ணன், எல்லா வசனத்தையும் எழுதியே தீருவேன் என்பது. ஹாக்ஸ் வசனங்களின் தொடக்கத்திலும் முடிவிலும் தேவையில்லாத சில சொற்களை வேண்டுமென்றே சேர்த்துவைப்பார். ஒருவர் பேச்சில் இன்னொருவர் ஏறும்போது அந்தச் சொற்கள் மட்டும் அமுங்கும், விஷயம் தப்பித்துவிடும். அமுங்கட்டும் என்றே எழுதிய சொல்லை நான் ஒரு காலத்தில் அகராதி பார்த்து மொழிபெயர்த்திருக்கிறேன். 'பிரிங்கிங் அப் பேபி'யில் நாய் குரைப்பதற்கும் வரி போட்ட ஆளை எனக்குத் தெரியும்.

அடைப்புக்குறிக்குள் விளக்கம்

வால்டர் ஒரு இடத்தில் புரூஸின் அடையாளம் சொல்லும்போது, சினிமாவில் வருவானே ரால்ஃப் பெல்லமி, அவன் மாதிரி இருப்பான் என்பான். புரூஸாக நடிப்பவரே ரால்ஃப் பெல்லமிதான். கல்லூரியில் இதற்கு அடைப்புக்குறி போட்டு இரண்டு வரி விளக்கம். ஒருவரும் சிரிக்கவில்லை. படம் தொடங்கும் முன், நடிகர் பெயர்களைச் சொல்லும் சாக்கில் அவர் பெயரையும் சொல்லிவிடுங்கள். சிரிப்பு தானாக வரும்.

மறைபொருளுக்கும் இதே விதி. 1934 ஜூலையிலிருந்து ஹாலிவுட்டில் தணிக்கை கறாரானது. கட்டிலைக் காட்ட முடியாதபோது கடிகாரத்தைக் காட்டினார்கள். 'தி ஆஃபுல் ட்ரூத்'தின் (1937) கடைசியில், நள்ளிரவோடு விவாகரத்து அமலாகப் போகும் கணவனும் மனைவியும் பக்கத்துப் பக்கத்து அறையில் இருக்கிறார்கள். சுவர்க்கடிகாரத்தில் ஆண் பொம்மையும் பெண் பொம்மையும் ஆளுக்கொரு கதவுக்குள் போகின்றன. கடைசி முறை ஆண் பொம்மை பெண் பொம்மையின் கதவுக்குள் நுழைந்துவிடுகிறது. வசனமே இல்லை. அங்கேயும் 'இருவரும் சேர்ந்துவிட்டார்கள்' என்று போட்டவர் உண்டு. நான்தான்.

நடுவில் நிறுத்தி விளக்குவது

வேண்டாம்.

படம் முடிந்த பின் கலந்துரையாடல்

பத்து நிமிடம். ஜனங்களுக்குக் கடைசி பஸ் இருக்கிறது.