டேட்டாபேஸ் அனுமதி மறுக்கிறதா? முதலில் பிழை எண்ணைப் படியுங்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மண்டபத்திலும் பாம்பனிலும் விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஐஸ் பிளான்ட், கருவாட்டு மண்டிக் கணக்கர்களுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். மண்டிக்கு ஓர் இணையதளம் அமைக்கத் தோதான காலம் இதுதான். ஆனால் சர்வரில் மென்பொருளை நிறுவும்போது பாதியில் ‘அக்சஸ் டினைடு’, அதாவது அனுமதி மறுப்பு, என்று முட்டிக்கொண்டு நிற்கும். அதைச் சரிசெய்யும் வழியைப் பார்ப்போம்.

சர்வரின் இயங்குதளம் உபுண்டு, தகவல்களைச் சேமிக்கும் டேட்டாபேஸ் மென்பொருள் மைஎஸ்க்யூஎல் 8, இணையதளம் அமைக்கும் மென்பொருள் வேர்ட்பிரஸ் என்று வைத்துக்கொள்வோம். டேட்டாபேஸ் பெயர் ‘கருவாடு’, பயனர் பெயர் ‘மண்டபம்’. கட்டளைகளை ஒலிக்கிறபடி எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

முதல் வேலை, பிழை எண்ணைக் கண்டுபிடிப்பது. டேட்டாபேஸுடன் தொடர்பு கிடைக்கவில்லை என்பதோடு வேர்ட்பிரஸ் வாயை மூடிக்கொள்ளும். ஆகவே கட்டளை தட்டும் திரையான டெர்மினலில் நேரடியாகக் கேளுங்கள்:

மைஎஸ்க்யூஎல் -யு மண்டபம் -பி கருவாடு

1045 என்று வந்தால் பெயர், கடவுச்சொல், வரும் இடம் ஆகியவற்றில் ஏதோ ஒன்று பொருந்தவில்லை. அதே வரியின் கடைசியில் ‘யூசிங் பாஸ்வேர்டு: நோ’ என்றிருந்தால் கடவுச்சொல் அனுப்பப்படவே இல்லை. 1044 என்றால் ஆளைத் தெரிகிறது, அந்த டேட்டாபேஸுக்குள் விட அனுமதி இல்லை. 1698 பெரும்பாலும் ரூட் பயனருக்கு, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள தலைமைப் பயனருக்கு, வருவது. உபுண்டுவில் ரூட் கடவுச்சொல்லால் நுழைவதில்லை, ‘சுடோ மைஎஸ்க்யூஎல்’ என்றுதான் நுழைய வேண்டும். ரூட்டுக்குக் கடவுச்சொல் வைத்து அதையே வேர்ட்பிரஸுக்குக் கொடுக்கச் சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள், கடைப் பையனிடம் கல்லாப்பெட்டிச் சாவியைக் கொடுப்பது போன்றது அது.

அடுத்து, ‘சுடோ மைஎஸ்க்யூஎல்’ என்று உள்ளே போய் இவற்றை ஒவ்வொன்றாகக் கொடுங்கள்:

கிரியேட் டேட்டாபேஸ் கருவாடு;
கிரியேட் யூசர் 'மண்டபம்'@'லோக்கல்ஹோஸ்ட்' ஐடென்டிஃபைடு பை 'உங்கள் கடவுச்சொல்';
கிராண்ட் ஆல் ஆன் கருவாடு.* டு 'மண்டபம்'@'லோக்கல்ஹோஸ்ட்';

பழைய குறிப்புகளில், அனுமதி கொடுக்கும் கிராண்ட் வரி ஒன்றே பயனரையும் உருவாக்கிவிடும். 8-ஆம் பதிப்பில் அந்த வசதி கிடையாது. கிரியேட் யூசர் முன்னால் வந்தாக வேண்டும். ‘கருவாடு.*’ என்ற இடத்தில் ‘*.*’ போட்டால் எல்லா டேட்டாபேஸும் திறந்துவிடும். பிழை மறையும்தான், ஆனாலும் வேண்டாம்.

பலர் தடுமாறும் இடம் @ குறி. அதற்கு முன்னால் இருப்பது பெயர், பின்னால் இருப்பது அவர் வரும் இடம்; இரண்டும் சேர்ந்துதான் ஒரு பயனர். லோக்கல்ஹோஸ்ட் என்றால் டேட்டாபேஸ் ஓடும் அதே கணினி. மென்பொருள் வேறு கணினியிலோ டாக்கர் பெட்டிக்குள்ளோ (ஒரே கணினியில் மென்பொருளைத் தனியே பிரித்து ஓட்டும் ஏற்பாடு) ஓடினால், லோக்கல்ஹோஸ்டுக்குக் கொடுத்த அனுமதி செல்லாது. பிழைச் செய்தியிலேயே @ குறிக்குப் பின்னால் ஒரு முகவரி இருக்கும். டாக்கர் என்றால் அது 172 என்று தொடங்குவது வழக்கம். அந்த முகவரிக்கு இன்னொரு பயனரை உருவாக்கி, அவருக்கும் கிராண்ட் கொடுங்கள்.

இனிச் சரிபாருங்கள்:

ஷோ கிராண்ட்ஸ் ஃபார் 'மண்டபம்'@'லோக்கல்ஹோஸ்ட்';

‘கிராண்ட் யூசேஜ்’ என்ற ஒரு வரி மட்டும் வந்தால் ஏமாறாதீர்கள். உள்ளே நுழையலாம், வேறெதுவும் செய்ய முடியாது என்பதே அதன் பொருள். கருவாடு என்ற பெயரோடு இரண்டாவது வரியும் இருக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் அனுமதிகளை மறுபடி ஏற்றும் ‘ஃப்ளஷ் பிரிவிலேஜஸ்’ கட்டளையை அடிப்பது பழக்கதோஷம்; கிராண்ட் உடனே நடப்புக்கு வந்துவிடும்.

மைஎஸ்க்யூஎல்லுக்குப் பதில் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளை வேறு ஒரு செயலிக்காக வைத்திருப்பவர்களுக்கு: 2022-இல் வந்த 15-ஆம் பதிப்பிலிருந்து, புதிய டேட்டாபேஸின் ‘பப்ளிக்’ ஸ்கீமாவில் (அட்டவணைகளை வைக்கும் பொதுப் பகுதி) யார் வேண்டுமானாலும் அட்டவணை உருவாக்க முடியாது. ‘பெர்மிஷன் டினைடு ஃபார் ஸ்கீமா பப்ளிக்’ என்று வந்தால், அந்த டேட்டாபேஸுக்கு உங்கள் பயனரையே உரிமையாளர் ஆக்குங்கள்:

ஆல்டர் டேட்டாபேஸ் கருவாடு ஓனர் டு மண்டபம்;

பிறகு நிறுவலை மறுபடி ஓட்டுங்கள்.