பூனை சோபாவைக் கிழிக்காமல் இருக்க: சவுக்குக் கட்டையில் ஒரு பிறாண்டு கம்பம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பூனை பிறாண்டுவதை நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. எங்கே பிறாண்டுகிறது என்பதைத்தான் மாற்ற முடியும். நகத்தின் பழைய மேல் ஓடு கழன்று விழவும், தூங்கி எழுந்ததும் தோளையும் முதுகையும் நீட்டி சோம்பல் முறிக்கவும், பாதத்தில் உள்ள சுரப்பிகளின் வாசனையைப் பதித்து இது என் இடம் என்று காட்டவும் அதற்குப் பிறாண்டல் வேண்டும். எங்கள் பூனை மைனா, சோபாவின் ஒரு கைப்பிடியைப் பஞ்சு தெரிகிற வரைக்கும் கிழித்துவிட்டாள். இப்போது அந்தப் பக்கம் போவதே இல்லை. என்ன செய்தோம் என்று வரிசையாக எழுதுகிறேன்.

1. எப்படிப் பிறாண்டுகிறது என்று பாருங்கள்

நின்றுகொண்டு மேலே கை வைத்து இழுக்கிறதா, தரையில் படுத்தவாக்கில் இழுக்கிறதா? சோபா, கதவு நிலை, திரைச்சீலை என்றால் நின்று இழுக்கிற பூனை. மிதியடி, பாய், கம்பளம் என்றால் தரைப் பூனை. தரைப் பூனைக்குக் கம்பமே தேவையில்லை, கடையில் கிடைக்கும் தென்னைநார் மிதியடி ஒன்றை வாங்கி, நழுவாமல் ஒரு பலகையில் ஆணியடித்துப் போட்டால் போதும். மற்றவர்கள் மேலே படியுங்கள்.

2. பொருள்கள்

செல்லப்பிராணிக் கடைகளில் விற்கும் சின்னக் கம்பங்களை நான் வாங்கச் சொல்ல மாட்டேன். பெரும்பாலானவை உயரம் குறைவு, வளர்ந்த பூனை சாய்ந்தால் ஆடும். ஒரு முறை ஆடினால் போதும், அப்புறம் பூனை அதைத் தொடாது. எனவே:

- 4 அங்குலத் தடிமனில், 4 அடி நீளச் சவுக்குக் கட்டை. பந்தலுக்கும் சென்ட்ரிங்குக்கும் சவுக்கு விற்கும் மரக்கடையில் கேட்டால் அறுத்தே தருவார்கள். பட்டை உரித்துக் காய்ந்ததாக இருக்க வேண்டும்.
- 8 மில்லிமீட்டர் கயிறு 40 மீட்டர். கற்றாழை நார்க் கயிறுதான் என் முதல் தேர்வு. கிடைக்காவிட்டால் தேங்காய் நார்க் கயிறு பரவாயில்லை, தும்பு கொட்டும், கூட்ட வேண்டியிருக்கும். நைலான் கயிறு வேண்டவே வேண்டாம், வழுக்கும், நகத்துக்குப் பிடிமானம் தராது.
- 10 லிட்டர் காலி பெயின்ட் வாளி, சிமென்ட், மணல், சிறு ஜல்லி.
- ஃபெவிகால், யூ ஆணி, நாலைந்து நீள ஆணி.

கயிற்றின் நீளத்தைப் பற்றிக் கடைக்காரர் சந்தேகப்படுவார். ஒரு சுற்றுக்கு 34 சென்டிமீட்டர் வாங்கும், வாளிக்கு மேலே சுற்றும் 90 சென்டிமீட்டர் உயரத்துக்கு 112 சுற்று. கணக்குப் போட்டால் 38 மீட்டர் வந்துவிடும்.

3. நட்டுச் சுற்றுவது

கட்டையின் அடிப்பகுதியில் நீள ஆணிகளைப் பாதி மட்டும் அடித்து விடுங்கள், கான்கிரீட் அதைக் கவ்விக்கொள்ளும். கட்டையை வாளியின் நடுவில் நிறுத்தி, ஒரு பங்கு சிமென்ட், இரண்டு பங்கு மணல், நாலு பங்கு ஜல்லி என்று கலந்த கலவையை நிரப்புங்கள். எடை கட்டையோடு சேர்த்து 20 கிலோவைத் தாண்டும், பூனை என்ன இழு இழுத்தாலும் அசையாது. இறுகும் வரை அந்த அறைக்குள் பூனையை விடாதீர்கள். ஈரச் சிமென்ட் பாதத்தை அரிக்கும், அதை நக்கினால் இன்னும் ஆபத்து.

நன்றாக இறுகியதும் கீழிருந்து மேலாகக் கயிற்றைச் சுற்றுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் யூ ஆணி, நடுவில் ஃபெவிகால் தடவிக்கொண்டே இழுத்து இழுத்து நெருக்கமாக. ஆணித் தலை எதுவும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, விரலால் தடவிப் பாருங்கள்.

4. எங்கே வைப்பது

எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்த இடம்தான், நிறையப் பேர் கைவிடுவதும் இங்கேதான். கம்பம் அழகாக இல்லை என்று பால்கனியிலோ கதவுக்குப் பின்னாலோ கொண்டுபோய் வைப்போம். பூனை அங்கே போய் ஏன் பிறாண்ட வேண்டும்? அது எல்லோரும் நடமாடும் இடத்தில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி அடையாளம் வைக்க நினைக்கிறது. அதனால்தான் கூடத்துச் சோபாவைத் தேர்ந்தெடுத்தது. கம்பத்தை அந்தக் கிழிந்த கைப்பிடிக்கு முன்னாலேயே, ஒட்டினாற்போல வையுங்கள். வழியை மறிக்கும், விருந்தாளிகள் கேட்பார்கள், இருக்கட்டும். பூனை எங்கே தூங்குகிறது என்றும் பாருங்கள், எழுந்தவுடன் முதலில் தேடுவது பிறாண்ட ஓர் இடத்தைத்தான். பழகிய பிறகு வேண்டுமானால் ஒரு நாளைக்கு நாலு விரல் அளவு என்று மெல்ல நகர்த்தலாம். ஒரேயடியாகத் தூக்கி வேறு அறைக்குக் கொண்டுபோனால் மறுபடி சோபாதான்.

5. சோபாவைப் பிடிக்காமல் செய்வது

கம்பம் வைத்த அன்றே இதையும் செய்ய வேண்டும். கிழிந்த இடத்தை சோப்புத் தண்ணீரால் நன்றாகத் துடைத்து, பழைய வாசனையைக் குறைத்து, காய்ந்ததும் அகலமான டபுள் சைடு டேப் ஒட்டுங்கள். பாதத்தில் ஒட்டுவது பூனைக்குப் பிடிக்காது. ரெக்சினில் டேப் ஒட்டினால் மேல்தோல் உரியலாம், அதற்கு வழுவழுப்பான பிளாஸ்டிக் தாளை இறுக்கிக் கட்டுவது நல்லது.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். சோபாவில் கற்பூரம் தேய், ஃபினைல் தெளி, பாச்சை உருண்டை போடு, நீலகிரித் தைலம் தடவு என்று நம் வீடுகளில் யோசனை சொல்வார்கள். நான்கும் பூனைக்கு நஞ்சு. பாதத்தில் பட்டதை அது நக்கித்தான் சுத்தம் செய்யும், அப்படியே வயிற்றுக்குள் போகும். மிளகாய்ப் பொடியும் வேண்டாம், கண்ணில் பட்டால் துடித்துப்போகும். தயவுசெய்து இவற்றைச் செய்யாதீர்கள்.

6. பழக்குவது

பூனையின் கையைப் பிடித்துக் கம்பத்தில் வைத்துத் தேய்க்காதீர்கள், பயந்து ஒதுங்கிவிடும். அதற்குப் பதில் கம்பத்தின் உச்சியில் ஒரு நூலை ஆட்டி விளையாட்டுக் காட்டுங்கள், எட்டிப் பிடிக்கும்போது நகம் தானாகக் கயிற்றில் பதியும். பதிந்த அந்த நொடியிலேயே ஒரு துண்டு கருவாடோ வேகவைத்த கோழியோ கொடுங்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கொடுத்தால் எதற்காகக் கொடுத்தீர்கள் என்று அதற்குப் புரியாது. திட்டுவதும் தண்ணீர் பீய்ச்சுவதும் பலன் தராது, நீங்கள் இல்லாத நேரத்தில் பிறாண்டும், அவ்வளவுதான்.

குப்பைமேனி வேர் ஒன்று கிடைத்தால் அருமை. பூனைவணங்கி என்று அதற்கு இன்னொரு பெயரே உண்டு. சுத்தமான இடத்தில் பிடுங்கி, மண் போகக் கழுவி, வேரை மட்டும் லேசாக நசுக்கிக் கயிற்றில் தேய்த்துவிடுங்கள். மைனா கம்பத்தைக் கட்டிக்கொண்டு உருண்டாள். எல்லாப் பூனையும் இப்படி மயங்காது. தேய்த்து முடிந்ததும் வேரை எடுத்துவிடுங்கள், தின்னக் கொடுக்க வேண்டாம்.

7. நகம் வெட்டுவது

இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை. பாதத்தை மெல்ல அழுத்தினால் நகம் வெளியே வரும், உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவது இரத்தம் ஓடும் பகுதி, அதைத் தொடாமல் நுனியை மட்டும் வெட்டுங்கள். முன்னங்காலில் ஐந்தைந்து, பின்னங்காலில் நாலு நாலு, மொத்தம் 18. முன்னங்காலின் உள்பக்கம் கொஞ்சம் மேலே இருக்கும் கட்டை விரல் நகத்தை மறந்துவிடாதீர்கள், அது வளைந்து சதைக்குள் குத்தும்.

பிறகு சேர்த்தது

படித்துச் செய்து பார்த்தவர்கள் கேட்டவை இவை. கயிறு சில வாரத்தில் தளர்ந்துவிட்டது என்று ஒருவர் சொன்னார், விசாரித்தால் பச்சை மரம். காயக் காய மரம் சுருங்கும், கயிறு தொங்கும், அவிழ்த்து மறுபடி சுற்றுவதைத் தவிர வழியில்லை. இரண்டு பூனை இருக்கும் வீட்டில் ஒன்று கம்பத்துக்குச் சொந்தம் கொண்டாடி மற்றதை அண்டவிடவில்லையாம், அங்கே இரண்டாவது கம்பம் வேறு அறையில் வைக்க வேண்டும்.

அறுவை சிகிச்சையில் நகத்தை எடுத்துவிடலாமா என்றும் கேட்டிருந்தார்கள். அது நகத்தை மட்டும் எடுப்பதில்லை, ஒவ்வொரு விரலின் கடைசி எலும்பையே துண்டிப்பது. பிரிட்டனில் தடை, நியூயார்க் மாநிலம் 2019இல் தடை செய்தது. யாராவது செய்து தருகிறேன் என்றாலும் சம்மதிக்காதீர்கள். இதுவரை பிறாண்டாத பூனை திடீரென்று வீடெல்லாம் பிறாண்ட ஆரம்பித்தால் வீடு மாறியது, புதுக் குழந்தை, ஜன்னலுக்கு வெளியே வேறொரு பூனை என்று ஏதாவது பதற்றம் இருக்கலாம், முதலில் அதைத் தேடுங்கள். கயிறு நைந்துபோன கம்பத்தைத் தூக்கி எறிய வேண்டாம், பூனைக்கு அந்த நைந்த பகுதிதான் ரொம்பப் பிடிக்கும். கட்டை தெரிகிற இடத்தில் மட்டும் புதுக் கயிறு சுற்றினால் போதும்.