பெடலில் ரப்பர் கிராமெட் மாட்டும்போது செய்யக் கூடாதவை

காரின் அலுமினியம் அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பெடல் தகடுகளில் வரிசையாகத் துளைகள் இருக்கும். அந்தத் துளைகளில் உட்கார்ந்திருக்கும் ரப்பர் கிராமெட்டுகள்தான், மழையில் நனைந்த செருப்போடு மிதித்தாலும் கால் வழுக்காமல் பிடித்துக்கொள்கின்றன. தேய்ந்தவற்றைப் பிடுங்குவது எளிது. புதியதை மாட்டுவதுதான் பாடு. துளையைவிட அகலமான ரப்பர் விளிம்பு மடங்கி உள்ளே நுழைந்து, மறுபக்கம் போய் விரிய வேண்டும். கட்டைவிரல் நோகும் அளவுக்கு அழுத்தியும் போகாதபோது பலரும் எண்ணெயைத் தேடுகிறார்கள். பெடலில் செய்யவே கூடாத காரியம் அது.

கிரீஸ், என்ஜின் ஆயில், துருப்பிடித்த நட்டைக் கழற்ற அடிக்கும் ஸ்பிரே எல்லாவற்றிலும் பெட்ரோலிய எண்ணெய் இருக்கிறது. இயற்கை ரப்பரும், ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பரும் அதை உறிஞ்சி ஊதும். கிராமெட் அன்றைக்கு வழுக்கிக்கொண்டு உள்ளே போகும்; நாளாக ஆக ரப்பர் மெத்தென்று தளர்ந்து தானாகவே கழன்று வரும். சிலிக்கான் ஸ்பிரே ரப்பரைக் கெடுக்காது, ஆனால் அதன் வழவழப்பு லேசில் போகாது. டேஷ்போர்டு பாலிஷும் அப்படித்தான். அவசரத்தில் மிதிக்கிற பிரேக்கில் இந்த வழவழப்பு இருப்பதைவிட, கிராமெட்டே இல்லாமல் இருப்பது மேல். ஹேண்ட் சானிடைசரும் வேண்டாம். பெரும்பாலானவற்றில் சேர்க்கப்படும் கிளிசரின் ஆவியாகாமல் தங்கிவிடும்.

இவற்றுக்குப் பதிலாக, ஒரு டம்ளர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று சொட்டு விட்டால் போதும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கிடைத்தால் இன்னும் நல்லது: நுழைக்கும் நேரத்துக்கு வழுக்கல் கொடுத்துவிட்டு, சில நிமிடத்தில் சுவடில்லாமல் ஆவியாகிவிடும். சீக்கிரம் உலர்வதால் ஒவ்வொரு கிராமெட்டையும் மாட்டுவதற்குச் சற்று முன் தனித்தனியாகத் தொட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தவறு, அளக்காமல் வாங்குவது. கிராமெட்டின் நடுவில் சுற்றி ஓடும் காடிதான் (பள்ளம்) தகட்டைக் கவ்விப் பிடிக்கிறது. துளை 10 மி.மீ., தகடு 2 மி.மீ. தடிப்பு என்றால், காடியின் அடியில் விட்டம் 10 மி.மீ., காடியின் அகலம் 2 மி.மீ. இருக்க வேண்டும். காடி 1.5 மி.மீ.தான் என்றால் எவ்வளவு அழுத்தினாலும் பின்பக்க விளிம்பு முழுதாக விரியாது. பாதி மடங்கியே நிற்கும். அது சில நாளில் கழன்றுவிடும். வெர்னியர் அளவுகோல் இல்லாவிட்டால் பழைய கிராமெட்டைக் கடைக்குக் கொண்டுபோய், புதியதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழையது ஊதியோ நைந்தோ இருந்தால் அதை நம்பாமல் துளையை அளங்கள். கிராமெட் போகவில்லை என்று பெடலின் துளையை டிரில் போட்டுப் பெரிதாக்கக் கூடாது. பிரேக் பெடலின் உறுதியில் கை வைக்கிற வேலை அது. துளையின் ஓரத்தில் பிசிறு இருந்தால் மட்டும் 400 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து வழித்துவிடலாம். கிராமெட் கிழிவதற்குப் பெரும்பாலும் இந்தப் பிசிறுதான் காரணம்.

ரப்பர் விறைப்பாக இருந்தால் சூடு உதவும். கை பொறுக்காத சூட்டில், 60 முதல் 70 டிகிரி வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டு வையுங்கள். ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்து, ஆறுவதற்குள் மாட்டுங்கள். ஹீட் கன் வேண்டாம். அதன் காற்று 300 டிகிரியையும் தாண்டும். ரப்பரின் மேல்தோல் கருகி வெடிக்கும், வண்டிக்குள் வைத்து அடித்தால் கார்ப்பெட்டும் பக்கத்து ஒயரும் சேர்ந்து பாழாகும்.

இனி மாட்டும் முறை. கிராமெட்டை நேராக வைத்து அழுத்துவதால்தான் பலருக்கும் போவதில்லை. சாய்த்துப் பிடித்து விளிம்பின் ஒரு பக்கத்தை முதலில் துளைக்குள் விடுங்கள். அந்தப் பக்கம் வெளியே வராமல் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டு, மீதியை வட்டமாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளுங்கள். கடைசிக் கால் பங்குதான் முரண்டு பிடிக்கும். அங்கே ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பினால் கிழியும். முனை மழுங்கிய ஐஸ்கிரீம் குச்சி போதும்.

அதற்கும் மசியவில்லையா? விண்ட்ஷீல்டு ரப்பர் மாட்டுகிறவர்களின் நூல் வித்தையைச் செய்யுங்கள். ஒரு மி.மீ. தடிப்புள்ள நைலான் நூலைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துக் காடியில் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். இரண்டு முனைகளையும் துளை வழியாகப் பின்பக்கம் விட்டு, முன்பக்கம் கிராமெட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரு முனையை மெதுவாக இழுங்கள். நூல் வெளியே வர வர விளிம்பை மடக்கித் துளைக்குள் இழுத்துக்கொண்டே வரும்.

இதையெல்லாம் பெடல் வண்டியில் இருக்கும்போதே குனிந்து செய்ய நினைப்பதும் தவறு. அழுத்தினால் பெடல் கீழே போகும், விசை வீணாகும். திருகு போட்ட தகடு என்றால் கழற்றி மேஜையில் வைத்துச் செய்யுங்கள். கழற்ற முடியாதென்றால் பெடலுக்குப் பின்னால் மரக்கட்டை ஒன்றை அண்டை கொடுங்கள். சுத்தியல் எங்கும் வேண்டாம். இப்போதைய வண்டிகளில் ஆக்சிலரேட்டர் பெடலோடு சென்சாரும் சேர்ந்தே இருக்கிறது. தட்டினால் அது கெடக்கூடும்.

சில பெடல்களில் கிராமெட்டுக்குப் பதில் இருக்கும் ரப்பர் குமிழ்கள் தனித்தனியாக இருக்காது. ஒரே ரப்பர் தாளில் வார்த்திருக்கும், பின்பக்கமிருந்து ஏற்ற வேண்டும். ஓரத்தில் தொடங்கினால் ரப்பர் இழுபட்டுக் கடைசி வரிசை துளைக்கு நேராக வராது. நடுவில் தொடங்கி வெளியே போங்கள்.

தளர்ந்த கிராமெட்டை ஃபெவிக்விக் போன்ற பசையால் ஒட்டாதீர்கள். அது கண்ணாடிபோல் இறுகும், ரப்பர் வளையும்போது விண்டுபோகும். தளர்கிறது என்றாலே அளவு தவறு, மாற்றுங்கள்.

முடித்ததும் ஈரத்துணியால் சோப்பைத் துடைத்து நன்றாக உலர விடுங்கள். பின்பக்கம் டார்ச் அடித்து, ஒவ்வொரு விளிம்பும் சுற்றிலும் விரிந்திருக்கிறதா என்று பாருங்கள். நகத்தால் இழுத்தும் பாருங்கள். தகட்டைக் கழற்றியிருந்தால் திருகுகளை இறுக்கிவிட்டு, ஒவ்வொரு பெடலையும் கையால் முழுதாக அமுக்கி விடுங்கள். எதிலும் உரசாமல் திரும்ப வேண்டும். கடைசியாக, கழற்றிய பழைய கிராமெட்டுகளை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் அது பெடலுக்கு அடியில்தான் எங்கோ கிடக்கும். அதை எடுத்த பிறகே வண்டியைக் கிளப்புங்கள்.