இரவில் சொகுசுக் கப்பலின் விளக்குகளைப் படிப்பது எப்படி?

இரவுக் கடலில் ஒரு சொகுசுக் கப்பல் போனால் அதைத் தேட வேண்டியதில்லை. அடுக்கடுக்காக ஜன்னல்கள், பால்கனி விளக்குகள், மேல்தளத்து நீச்சல்குளம், புகைபோக்கியில் ஒளிரும் நிறுவனச் சின்னம் என்று மொத்தக் கப்பலும் மின்னும். ஆனால் அது எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டால் பலருக்கும் சொல்லத் தெரியாது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கென்றே அந்தக் கப்பலில் ஐந்து விளக்குகள் இருக்கின்றன. ஆயிரம் அலங்கார விளக்குகளுக்கு நடுவே அந்த ஐந்தையும் பிரித்தெடுப்பதுதான் இந்தப் பதிவின் வேலை.

கரையில் நின்று வேடிக்கை பார்ப்பவர், சிறு படகில் போகிறவர், கப்பலிலேயே பயணம் செய்பவர் என யாராக இருந்தாலும் இது பயன்படும். ஒரு பைனாகுலர் இருந்தால் நல்லது. கடலில் வழக்கமாகப் பயன்படும் 7×50 வகை போதும். அதைவிடப் பெரிதாக்கிக் காட்டுவது கையில் ஆடிக்கொண்டே இருக்கும்.

படி 1: கண்ணை இருட்டுக்குப் பழக்குங்கள்

வெளிச்சத்திலிருந்து வந்தவுடன் தெரிவது ஒரு பளபளப்பு மட்டும்தான். தெருவிளக்கு கண்ணில் படாத இடமாகப் பார்த்து நில்லுங்கள். கண் ஓரளவு நன்றாகப் பழகவே 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் ஒருமுறை போன் திரையைப் பார்த்தாலும் பழகியது பெரும்பாலும் வீணாகிவிடும்.

படி 2: எந்த ஐந்து என்று தெரிந்துகொள்ளுங்கள்

கடலில் கப்பல்கள் மோதிக்கொள்ளாமல் தடுப்பதற்கான சர்வதேச விதிகள் 1972-இல் உருவாகி, 1977-இல் நடைமுறைக்கு வந்தன. எந்தக் கப்பல் எந்த விளக்கைப் போட வேண்டும், அது எத்தனை டிகிரிக்குத் தெரிய வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. 50 மீட்டருக்கு மேல் நீளமுள்ள, எஞ்சினில் ஓடும் கப்பல் சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும் வரை போட வேண்டியவை இவை:

முதல் இரண்டும் மாஸ்ட்ஹெட் விளக்குகள், அதாவது கம்பத்து உச்சி விளக்குகள். இரண்டுமே வெள்ளை, இரண்டும் உயரத்தில் இருக்கும். ஒன்று கப்பலின் முன்பகுதியில், மற்றொன்று பின்னால் தள்ளி. பின்னால் உள்ளது கட்டாயம் முன்னால் உள்ளதைவிட உயரமாக இருக்க வேண்டும். இந்த ஒரு வரியை மட்டும் மறக்காதீர்கள், மீதிப் பாடம் முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது. ஒவ்வொன்றும் முன்பக்கம் 225 டிகிரிக்குத் தெரியும், பின்னாலிருந்து பார்த்தால் தெரியாது.

அடுத்த இரண்டும் பக்க விளக்குகள். கப்பலின் வலப்பக்கம், அதாவது ஸ்டார்போர்டு பக்கம், பச்சை. இடப்பக்கம், அதாவது போர்ட் பக்கம், சிவப்பு. வலம், இடம் என்பது கப்பலில் முன்னோக்கி நிற்பவருக்கு. விமானங்களின் இறக்கை நுனியிலும் இதே முறைதான், வலம் பச்சை, இடம் சிவப்பு. இவை ஒவ்வொன்றும் 112.5 டிகிரிக்குத் தெரியும்.

ஐந்தாவது, பின்முனையில் ஒரு வெள்ளை விளக்கு, ஸ்டெர்ன் லைட். 135 டிகிரி. கூட்டிப் பாருங்கள்: இரண்டு பக்க விளக்கும் சேர்ந்து 225, அதோடு 135 சேர்ந்தால் 360. ஒரு விளக்கு மறைகிற கோணத்தில் இன்னொன்று தொடங்கிவிடும். கப்பலைச் சுற்றி எங்கே நின்றாலும் ஏதாவது ஒன்று உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

படி 3: அலங்காரத்தைக் கழித்துவிடுங்கள்

புதிதாகப் பார்ப்பவர்கள் திணறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

விதிகள் அலங்கார விளக்கைத் தடை செய்யவில்லை. மூன்று நிபந்தனைகள் போடுகின்றன. வேறு விளக்குகள் வழிகாட்டும் விளக்கென்று, அதாவது மேலே சொன்ன ஐந்தில் ஒன்றென்று, தவறாக நினைக்கும்படி இருக்கக் கூடாது, வழிகாட்டும் விளக்கின் தெளிவைக் கெடுக்கக் கூடாது, கப்பல் ஓட்டுபவர்கள் வெளியே பார்ப்பதற்கு இடையூறாக இருக்கக் கூடாது. காகிதத்தில் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் 300 மீட்டரைத் தாண்டிய ஒரு கப்பலில், பதினைந்து தளத்துக்கும் விளக்குப் போட்ட பிறகு, சின்னப் பச்சைப் புள்ளி ஒன்று தனியாகத் தெரியும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம் என்பது என் எண்ணம். பக்க விளக்குகள் தளத்து வெளிச்சத்தில் மங்கிப்போகும் அளவுக்குத் தாழ்வாக இருக்கக் கூடாது என்று விதியிலேயே ஒரு வரி இருக்கிறது. பிரச்சினை எழுதியவர்களுக்கும் தெரிந்தே இருக்கிறது.

கழிப்பதற்கு நான் பார்ப்பது இவற்றைத்தான். வரிசையாக, ஒரே இடைவெளியில் இருப்பவை ஜன்னல்களும் பால்கனிகளும். நீளக் கோடாகத் தெரிவது தளத்து விளக்குகள் அல்லது எல்.இ.டி. பட்டை. பரப்பாகத் தெரிவது, ஒளி பாய்ச்சிய புகைபோக்கியோ கப்பலின் பெயரோ மேல்தளத்துப் பெரிய திரையோ. நிறம் மாறுவதும் மினுக்குவதும் கேளிக்கைக்கானவை. முன்முனையிலிருந்து உச்சிக்கும் அங்கிருந்து பின்முனைக்கும் மாலைபோல் தொங்கும் சரவிளக்கு முழுக்க அலங்காரம்.

வழிகாட்டும் விளக்கு இதில் எதிலும் சேராது. அது ஒற்றைப் புள்ளி. நிறம் மாறாது, அணைந்து எரியாது. சிவப்பாக ஒரு புகைபோக்கி முழுவதும் ஒளிர்ந்தால் அது போர்ட் விளக்கல்ல. குழப்பமாக இருந்தால் பைனாகுலரில் பாருங்கள். அலங்காரம் விரிந்து உருவம் பெறும், வழிகாட்டும் விளக்கு புள்ளியாகவே இருக்கும்.

படி 4: பச்சை சிவப்பைத் தேடாதீர்கள், உச்சியைப் பாருங்கள்

எல்லோரும் முதலில் நிறத்தைத்தான் தேடுகிறார்கள். சொகுசுக் கப்பலைப் பொறுத்தவரை அது தலைகீழ் வழி. பெரிய கப்பலின் மாஸ்ட்ஹெட் விளக்கு குறைந்தது 6 கடல் மைல், அதாவது ஏறக்குறைய 11 கிலோமீட்டர் தூரத்துக்குத் தெரிய வேண்டும். பக்க விளக்குக்கு விதிக்கப்பட்டது அதில் பாதி, 3 கடல் மைல். போதாக்குறைக்கு மாஸ்ட்ஹெட் விளக்குகள் ஜன்னல் வெளிச்சத்துக்கு மேலே, இருட்டு வானத்தின் பின்னணியில் இருக்கின்றன.

எனவே கப்பலின் மொத்த வெளிச்சத்துக்கு மேல்விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அங்கே தனித்து நிற்கும் இரண்டு வெள்ளைப் புள்ளிகளைத் தேடுங்கள். முன்விளக்கு பெரும்பாலும் கப்பலின் கட்டுப்பாட்டு அறைக்கு மேலுள்ள கம்பத்தில் இருக்கும், பின்விளக்கு நன்றாகப் பின்தள்ளி. இரண்டுக்கும் உயரத்தில் குறைந்தது 4.5 மீட்டர் வித்தியாசம் உண்டு. முன்பின்னாக உள்ள இடைவெளி கப்பல் நீளத்தில் பாதியாவது இருக்க வேண்டும், ஆனால் 100 மீட்டருக்கு மேல் தேவையில்லை.

கிடைத்துவிட்டதா? இப்போது தாழ்வான புள்ளி எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் கப்பல் போகிறது. தாழ்ந்தது வலப்பக்கம் என்றால் உங்களுக்கு வலமாகப் போகிறது. நிறமே தேவைப்படவில்லை, பாருங்கள்.

படி 5: இப்போது நிறத்தைக் கொண்டு சரிபாருங்கள்

உங்களுக்கு வலமாகப் போகும் கப்பல் அதன் வலப்பக்கத்தைத்தான் உங்களுக்குக் காட்டும், ஆகவே பச்சை தெரிய வேண்டும். இடமாகப் போனால் சிவப்பு. சொகுசுக் கப்பலில் பக்க விளக்கைக் கட்டுப்பாட்டு அறை இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை ஒட்டித் தேடுங்கள், அதாவது கப்பலின் முன்பாதியில், நடு உயரத்துக்கு மேலே.

இரண்டு வெள்ளையும் நெருங்கிக்கொண்டே வந்து ஒன்றின் மேல் ஒன்றாக நின்றால் கப்பல் நேராக உங்களை நோக்கி வருகிறது. அப்போது பச்சை சிவப்பு இரண்டுமே தெரியும், சிவப்பு உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும். கப்பல் உங்களைப் பார்த்து நிற்பதால் அப்படி.

உச்சியில் புள்ளிகளே இல்லை, நிறமும் இல்லை, ஆனால் கப்பல் முழுக்க வெளிச்சம் என்றால்? விளக்கு கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். இந்த அளவுக் கப்பலில் இந்த விளக்குகள் ஒன்றுக்கு மாற்றாக இன்னொன்று என இரட்டையாகவே இருக்கும், பயணிகள் கப்பலில் மின்சாரம் போனாலும் 36 மணி நேரம் அவசர மின்சாரத்தில் எரிய வேண்டும் என்பது விதி. நீங்கள் அதன் பின்பக்கம் இருக்கிறீர்கள், அவ்வளவுதான். பின்முனையில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். பின்பக்க பால்கனிகளுக்கு நடுவில் அதைப் பிரித்தறிவது ஐந்திலும் கடினமானது.

படி 6: படகில் இருந்தால் இதையும் பாருங்கள்

கரையில் நிற்பவர் இதைத் தாண்டிப் போகலாம். 20 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில், வரும் கப்பல் ஒரு நிமிடத்தில் 600 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். 3 கடல் மைல் தூரத்தில் அதன் பக்க விளக்கைக் கண்டீர்கள் என்றால், நேராக வந்தால் உங்களை எட்ட 9 நிமிடம்தான்.

கப்பல் தெரியும் திசை மாறுகிறதா என்று திசைகாட்டி வைத்துப் பாருங்கள். திசை மாறாமல் வெளிச்சம் மட்டும் பெரிதாகிக்கொண்டே போனால் மோதும் பாதையில் இருக்கிறீர்கள். இரண்டு எஞ்சின் கலங்கள் குறுக்கே சந்திக்கும்போது, மற்றது உங்கள் வலப்பக்கம் இருந்தால் வழிவிட வேண்டியது நீங்கள். அந்த நிலையில் உங்களுக்குத் தெரிவது அதன் சிவப்பு. உங்கள் பக்கம்தான் முறை என்றாலும்கூட, அவ்வளவு பெரிய கப்பலோடு கடைசி நிமிடம் வரை உரிமையை நிலைநாட்டப் பார்க்க வேண்டாம்.

படி 7: நங்கூரமிட்ட கப்பலில் எல்லாமே மாறும்

நங்கூரம் போட்டவுடன் மாஸ்ட்ஹெட், பக்க, பின் விளக்குகள் அணைந்துவிடும். அதற்குப் பதில் எல்லாத் திசையிலும் தெரியும் இரண்டு வெள்ளை விளக்குகள்: ஒன்று முன்னால், ஒன்று பின்னால். இந்த முறை முன்னால் உள்ளதுதான் உயரம். ஓடும் கப்பலுக்கு நேர் எதிர். படி 4-இல் சொன்ன விதியை இங்கே போட்டால் தப்பாகத்தான் வரும். அதனால் கப்பல் நகராமல் நின்றால், நிறமும் தெரியவில்லை என்றால், நங்கூரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 100 மீட்டருக்கு மேற்பட்ட கப்பல் நங்கூரமிட்டிருக்கும்போது தளங்களுக்கு வெளிச்சம் போட்டே ஆக வேண்டும். இவ்வளவு நேரம் கழித்துத் தள்ளிய வெளிச்சம் இங்கே விதிப்படி தேவையானதாகிவிடுகிறது.

கப்பலில் செங்குத்தாக இரண்டு சிவப்புப் புள்ளிகள் கண்டால் அது கட்டுப்பாட்டை இழந்து நிற்கிறது என்று பொருள். அருகில் வரும் சிறு படகில் மேலே வெள்ளை, கீழே சிவப்பு தெரிந்தால் அது பைலட் படகு, அதாவது கப்பலுக்குத் துறைமுக வழிகாட்டியைக் கொண்டுவரும் படகு.

படி 8: கப்பலுக்குள் இருந்தால்

உள்ளே இருப்பவருக்கு விளக்கைவிட இருட்டுதான் சுவாரசியம். இரவில் முன்முனைத் தளம் பெரும்பாலும் இருட்டாகவே இருக்கும், முன்பக்க அறைகளில் திரையை மூடச் சொல்லி அறிவிப்பு இருக்கும். மேலே கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்கள் இருட்டுக்குக் கண்ணைப் பழக்கி வைத்துக்கொண்டு வெளியே பார்க்கிறார்கள், கீழே ஒரு ஜன்னல் வெளிச்சம் அதைக் கெடுத்துவிடும். அங்கே நின்று டார்ச் அடிப்பதும் ஃபிளாஷ் போட்டுப் படம் எடுப்பதும் வேண்டாம்.

மேல்தளத்திலிருந்து மாஸ்ட்ஹெட் விளக்கைப் பார்க்க நினைத்தால், அதன் பின்னால் நின்றால் தெரியாது. பக்க விளக்கின் உட்புறத்தில் பளபளப்பில்லாத கறுப்பு நிறம் பூசிய தடுப்பு இருக்கும். பச்சையும் சிவப்பும் எதிர்ப்பக்கம் கசியாமல் இருக்க அது.

படி 9: ஊகத்தைச் சரிபாருங்கள்

பயணிகள் கப்பல்கள் தங்கள் இடம், திசை, வேகத்தை ஏ.ஐ.எஸ். என்ற கருவி மூலம் வானொலியில் அறிவித்துக்கொண்டே போக வேண்டும். மரைன்டிராஃபிக் போன்ற செயலிகளில் அது வரைபடத்தில் தெரியும். முதலில் விளக்கைப் பார்த்து நீங்களே முடிவெடுங்கள், பிறகு செயலியைத் திறங்கள். திரையை மங்கலாக்கிவிட்டு. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால், செயலியில் தகவல் எத்தனை நிமிடத்துக்கு முந்தையது என்று பாருங்கள். அது புதிதாகவே இருந்தால், சரவிளக்கின் முனையையோ கம்பத்து விளக்கு வேறெதையோ மாஸ்ட்ஹெட் விளக்கென்று எடுத்திருப்பீர்கள். உச்சியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.