அயர்லாந்தில் படிக்கிறீர்களா? கெய்லி, செஷன், ஹர்லிங்: முதல் அடி வைப்பது எப்படி

அயர்லாந்துக்குப் போகும் நம் மாணவர்களில் பலர் ஓராண்டு முதுகலைப் படிப்புக்குத்தான் போகிறார்கள். செப்டம்பரில் இறங்கினால் வகுப்பு, அசைன்மென்ட், பகுதிநேர வேலை (படிப்பு நடக்கும் மாதங்களில் வாரம் 20 மணி நேரம் வரை அனுமதி), ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு பிரியாணி என்று ஆண்டு ஓடிவிடுகிறது. நடுவில் மோஹர் பாறைகளுக்கு ஒரு டூர் போய்ப் போட்டோ எடுத்துக்கொள்கிறோம். அந்த ஊர்க்காரர்கள் மாலையில் எங்கே கூடுகிறார்கள், எதற்காகத் தொண்டை கிழியக் கத்துகிறார்கள் என்று தெரியாமலே திரும்பிவிடுகிறோம். இது எனக்குப் பெரிய வருத்தம். அங்கே பாட்டையும் ஆட்டத்தையும் விளையாட்டையும் கடைக்காரரும் ஆசிரியரும் விவசாயியும் சேர்ந்துதான் நடத்துகிறார்கள். புதிதாக வருபவருக்கும் அதில் இடம் இருக்கிறது. கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றையும் ஒரே மாதத்தில் தொடங்காதீர்கள். முதலில் நடனம் (கெய்லி), அப்புறம் இசை (செஷன்), பிறகு விளையாட்டு (ஹர்லிங் என்ற மட்டைப் பந்தாட்டம்). நடனத்துக்குக் கருவியும் வேண்டாம், முன்பயிற்சியும் வேண்டாம். போன முதல் நாளே நாலு பேர் பெயர் தெரிந்துவிடும்.

படி 1: முதல் வாரத்திலேயே பெயர் கொடுங்கள்

செப்டம்பரில் எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் மாணவர் சங்கங்கள் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும். ட்ராட் சொசைட்டி (மரபு இசை), கூமன் கேலக் (ஐரிஷ் மொழிச் சங்கம்), ஜிஏஏ கிளப் (ஐரிஷ் விளையாட்டுகள்) ஆகிய மூன்றையும் தேடிப் போங்கள். ஐரிஷ் மொழி தெரியாதே என்று கூமன் கேலக்கைத் தாண்டிப் போய்விட வேண்டாம். ஆரம்பநிலை கெய்லி நடனங்களை அவர்களே பெரும்பாலும் நடத்துவார்கள். அதே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நாடு முழுவதும் 'கல்ச்சர் நைட்' நடக்கும். அன்று இசை, நடன நிகழ்ச்சிகளை இலவசமாகப் பார்க்கலாம்.

இன்னொன்று. வேலையில் சேரும்போதே வாரத்தில் ஒரு மாலை வர முடியாது என்று சொல்லிவிடுங்கள். பிறகு கேட்டால் கிடைப்பது கஷ்டம். ஒரே இடத்துக்கு ஒரே கிழமையில் தொடர்ந்து போவதுதான் இதில் முக்கியம். பத்து இடங்களுக்கு ஒவ்வொரு தடவை போனால் பத்து இடத்திலும் நீங்கள் சுற்றுலாப் பயணிதான்.

படி 2: கெய்லியில் கால் வையுங்கள்

கெய்லி என்பது கூட்டாக ஆடும் நடனம். இப்போதைய வடிவில் முதல் கெய்லியை 1897இல் லண்டனில் ஐரிஷ் மொழியை வளர்க்கும் கேலிக் லீக் அமைப்பினர்தான் நடத்தினார்கள். ஜோடியோடு போக வேண்டியதில்லை. தனியாகப் போய் ஓரமாக நின்றாலே யாராவது கையைப் பிடித்து வரிசையில் இழுத்துவிடுவார்கள். முன்பின் தெரியாதவரின் கையைப் பிடிக்க நமக்குக் கூச்சமாக இருக்கலாம். அங்கே அது வணக்கம் சொல்வதுபோலச் சாதாரணம். நடனம் முடிந்ததும் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

கால் வேலை இரண்டே வகை. பக்கவாட்டில் ஏழு எண்ணி நகர்வது ஒன்று. நின்ற இடத்திலேயே 'ஒன்று-இரண்டு-மூன்று' என்று மாற்றி மிதிப்பது இன்னொன்று. ஏழு முடிந்ததும் அந்த 'ஒன்று-இரண்டு-மூன்று' இரண்டு தடவை. அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வலப்பக்கம் ஒரு முறை, இடப்பக்கம் ஒரு முறை என்று செய்து பாருங்கள்.

முதலில் 'வால்ஸ் ஆஃப் லிமெரிக்' ஆடுங்கள். இரண்டு ஜோடிகள் எதிரெதிரே நிற்கும். இரு தரப்பும் முன்னே வந்து பின்னே போவது இரண்டு தடவை. அடுத்துப் பெண்கள் இருவரும் ஏழு எண்ணி இடம் மாறுவார்கள், பிறகு ஆண்கள். அதன் பின் எதிர் ஜோடியில் இருப்பவரின் வலக்கையைப் பிடித்து வெளியே நகர்ந்து திரும்பி வர வேண்டும். கடைசியில் உங்கள் ஜோடியோடு சுழன்று அடுத்தப் பக்கம் திரும்பினால், அங்கே புதிதாக ஒரு ஜோடி நிற்கும். மறுபடி முதலிலிருந்து. ஒரு பாட்டு முடிவதற்குள் பாதி அரங்கத்தின் முகம் பழகிவிடும். இதை முதலாவதாகச் சொல்வதே அதற்காகத்தான். ஆண் இடத்தில் பெண்ணும் பெண் இடத்தில் ஆணும் நிற்பது சகஜம், கணக்குச் சரியாக இருந்தால் போதும்.

பரதம் கற்றவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அரைமண்டியில் உட்கார்ந்து முழுப் பாதத்தைத் தட்டுவது உங்கள் உடம்பில் ஊறியிருக்கும். இங்கே முழங்கால் நிமிர்ந்து, முன்பாதத்தில் எடையை வைத்து, மேலே எழும்ப வேண்டும். முதல் சில வாரங்கள் ஆடுசதை வலிக்கும். தரையைப் பிடிக்கும் ஓட்டப்பயிற்சி ஷூவைப் போட்டுக்கொண்டு சுழன்றால் முழங்கால் திருகிக்கொள்ளும். அடிப்பாகம் வழவழப்பான ஷூ நல்லது. சத்தமாகத் தரையைத் தட்டித்தான் ஆட வேண்டும் என்று இருப்பவர்கள் கொனமாரா பகுதியின் ஷான்-நோஸ் (பழைய பாணி) நடனத்தைக் கற்றுக்கொள்ளலாம். கைகள் தளர்ந்து, ஆள் ஒரு சின்ன இடத்துக்குள்ளேயே ஆடுவது அது.

மார்ச் 1 முதல் 17 வரை ஐரிஷ் மொழிக் கொண்டாட்ட வாரங்கள். அப்போது ஊருக்கு ஊர் கெய்லி இருக்கும். குளிர்காலத்தில் பழகியதை அங்கே ஆடிப் பார்க்கலாம்.

படி 3: செஷனில் முதலில் காது மட்டும்

செஷன் என்றால் பப்பின் ஒரு மூலையில் இசைக்கலைஞர்கள் வட்டமாக உட்கார்ந்து வாசிப்பது. 'பப்பா? வீட்டில் தெரிந்தால்?' என்று தயங்குபவர்களுக்கு: குடிக்க வேண்டிய கட்டாயம் இல்லவே இல்லை. சோடாவில் எலுமிச்சை போட்டு ஒரு டம்ளர் வாங்கிக்கொண்டு இரவு முழுக்க உட்காரலாம், யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

டப்ளினில் டெம்பிள் பார் என்ற பகுதியில் மைக் வைத்து வாசிப்பது பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளுக்காக. ஸ்மித்ஃபீல்டில் இருக்கும் 'காபிள்ஸ்டோன்' பப்புக்குப் போங்கள். 2021இல் அந்த இடத்தில் ஹோட்டல் கட்டத் திட்டம் வந்தபோது இசைக்காரர்களும் ரசிகர்களும் தெருவில் இறங்கினார்கள், மாநகராட்சி அனுமதி மறுத்தது. கால்வேயில் 'க்ரேன் பார்', 'டிக் கோலி' இரண்டும் நல்ல இடங்கள். கிளேர் மாவட்டத்தின் என்னிஸ் பக்கம் போனால் தேடவே வேண்டாம்.

வட்டத்துக்குள் காலி நாற்காலி இருந்தாலும் உட்காராதீர்கள், அது வரவிருக்கும் கலைஞருக்கு. போனில் பதிவு செய்வதானால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். திடீரென்று யாராவது கண்ணை மூடிப் பக்கவாத்தியம் இல்லாமல் பாடத் தொடங்கினால் கடை முழுக்க அமைதியாகிவிடும், நீங்களும் டம்ளரைக் கீழே வையுங்கள். அது ஷான்-நோஸ், அதாவது பழைய பாணிப் பாட்டு. அதில் வரும் அசைவுகளைக் கேட்டால் கமகத்தில் வளர்ந்த காதுக்கு உடனே நெருக்கமாகிவிடும்.

தாளத்தைப் பிடிக்க நம்மிடம் நல்ல வழி இருக்கிறது. 'தகிட தகிட' என்று ஓடினால் அது ஜிக் என்ற மெட்டு வகை. 'தகதிமி தகதிமி' என்றால் ரீல். மூன்று தகிட சேர்ந்து ஒன்பதாகச் சுற்றினால் ஸ்லிப் ஜிக். மெட்டின் முதல் பகுதியை இரண்டு தடவை, இரண்டாம் பகுதியை இரண்டு தடவை வாசித்து, அந்த முழுச் சுற்றையும் மீண்டும் ஓரிரு முறை வாசிப்பார்கள். பிறகு நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். தாவும் அந்தக் கணத்தில் வாசிப்பவர்களின் முகத்தைப் பாருங்கள். ஒரு தலையசைப்பு, ஒரு 'ஹப்!', அவ்வளவில் எட்டுப் பேரும் ஒன்றாகத் திரும்புவார்கள்.

வாசிக்க ஆசை வந்தால் டி சுருதி டின் விசில் (சின்னக் குழல்) ஒன்று வாங்குங்கள். ஆறு துளைதான், மலிவு, கோட்டுப் பையில் அடங்கும். 1951இல் தொடங்கிய 'கோல்தஸ்' என்ற மரபு இசை அமைப்பின் கிளைகள் நாடெங்கும் வகுப்பு நடத்துகின்றன. ஆரம்பக்காரர்களுக்கு வேகம் குறைத்து வாசிக்கும் 'ஸ்லோ செஷன்' எங்கே என்றும் அங்கேயே கேளுங்கள். கர்நாடக வயலின் கற்றவர்கள் ஒரு படி மேலே இருக்கிறீர்கள். ஆனால் ச-ப-ச-ப என்று சுருதி சேர்த்தது இங்கே ஒத்துவராது. தந்திகளை ஜி-டி-ஏ-இ என்று மாற்றி, வயலினைத் தோளில் தாங்கப் பழக வேண்டும். கஞ்சிரா, மிருதங்கம் வைத்திருப்பவர்கள் கேட்காமல் உறையைத் திறக்க வேண்டாம். பவ்ரான் என்ற அவர்களுடைய பறை ஒன்று ஏற்கெனவே அங்கே ஒலித்துக்கொண்டிருக்கும். வட்டத்துக்கு ஒன்று போதும் என்பது எழுதாத சட்டம்.

படி 4: ஹர்லிங்கைப் பார்த்துப் பழகுங்கள்

ஜிஏஏ 1884இல் டிப்பரரி மாவட்டத்தின் தர்ல்ஸ் ஊரில் தொடங்கிய விளையாட்டு அமைப்பு. அதன் இரண்டு பெரிய ஆட்டங்கள் ஹர்லிங், கேலிக் கால்பந்து. டப்ளினின் க்ரோக் பார்க் மைதானத்தில் 82,000க்கும் அதிகமானோர் முன்னால் ஆடும் வீரர்களுக்குச் சம்பளம் கிடையாது. திங்கட்கிழமை காலை அவர்களும் வேலைக்குப் போவார்கள்.

ஸ்கோர் பலகையைப் படிக்கத் தெரிந்தால் பாதி ஆட்டம் புரிந்துவிடும். H வடிவக் கம்பத்தின் குறுக்குக் கட்டைக்கு மேலே பந்து போனால் 1 புள்ளி, வெள்ளைக் கொடி. கீழே வலைக்குள் போனால் கோல், 3 புள்ளி, பச்சைக் கொடி. பலகையில் 1-20, 2-15 என்று இருந்தால் (முதல் எண் கோல், அடுத்தது புள்ளி) 23க்கு 21. இங்கே கோல் குறைவாகப் போட்டவர்களே ஜெயிக்கிறார்கள். கேலிக் கால்பந்தில் மட்டும் 2025 முதல் 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து மேலே அடித்தால் 2 புள்ளி.

இலையுதிர் காலத்தில் கிளப் போட்டிகள் நடக்கும், அங்கேதான் தொடங்க வேண்டும். இரு ஊர்க்காரர்களும் கலந்தே உட்காருவார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு விதி கேட்டால் ஆட்டம் முடியும்வரை விளக்குவார். க்ரோக் பார்க்குக்குப் போகும்போது ஹோகன் ஸ்டாண்ட் என்ற பார்வையாளர் பகுதியைப் பாருங்கள். 1920 நவம்பர் 21 அன்று அங்கே ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது பிரிட்டிஷ் படையினர் சுட்டதில் 14 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் டிப்பரரி வீரர் மைக்கேல் ஹோகன்.

படி 5: மட்டையை எடுங்கள்

பல்கலைக்கழக ஜிஏஏ கிளப்பில் புதியவர்களுக்குப் பயிற்சி உண்டா என்று கேளுங்கள். பெண்களுக்கு இதே ஆட்டம் கமோகி என்ற பெயரில் தனி அமைப்போடு நடக்கிறது.

கிரிக்கெட் ஆடியவர்களுக்கு முதல் சிக்கல் பிடியில் வரும். வலக்கைக்காரர் பேட்டைப் பிடிக்கும்போது இடக்கை மேலே இருக்கும். ஹர்லி என்ற ஹர்லிங் மட்டையில் வலக்கைதான் மேலே, அடிக்கும்போது இடக்கை அதன் கீழே வந்து பூட்டிக்கொள்ளும். பழைய பிடியிலும் பந்து பறக்கும், அதனால்தான் அதை மாற்றவே தோன்றாது. முதல் நாளே மாற்றிவிடுங்கள். தரையில் கிடக்கும் பந்தைக் கையால் எடுக்கக் கூடாது, மட்டையால் நெம்பி எழுப்பித்தான் பிடிக்க வேண்டும். பிடித்துக்கொண்டு நாலு அடிக்கு மேல் ஓடக் கூடாது. இந்த நெம்புதலைத் தனியாகச் சுவரில் பந்தடித்துப் பழகலாம். அங்கே சின்னப் பிள்ளைகளும் அப்படித்தான் பழகுகிறார்கள்.

முகக்கவசத்தோடு கூடிய ஹெல்மெட் 2010 முதல் கட்டாயம். உறுப்பினராகப் பதிவு செய்யாமல் மைதானத்தில் இறங்காதீர்கள். அடிபட்டால் கைகொடுக்கும் ஜிஏஏ நிதி, பதிவு செய்தவர்களுக்குத்தான்.

உறுப்பினராவதில் இன்னொரு லாபமும் உண்டு. ஜூலையில் க்ரோக் பார்க்கில் நடக்கும் ஆல் அயர்லாந்து ஹர்லிங் இறுதிப் போட்டிக்குப் பொது விற்பனையில் டிக்கெட் கிடைக்காது, மாவட்டங்கள், கிளப்புகள் வழியாகத்தான் பங்கீடு. பிப்ரவரியிலேயே கிளப் செயலாளரிடம் பெயர் சொல்லி வையுங்கள். கிடைக்காவிட்டால் அரையிறுதிக்குப் போங்கள், அந்த டிக்கெட் ஆன்லைனில் வாங்கலாம்.